உறுதிமொழியின் மூன்றாவது வரி

வலது கையை முன்னே நீட்டி, இடது கையால் யூனிஃபார்ம் கோட்டின் பொத்தானைப் போட்டபடி செண்பகம் சொல்கிறாள்: “பாதுகாப்பே என் முதல் கடமை.” பின்னால் அறுபது பேர் அதையே சொல்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்கு ஒயர் கட்டும் அந்தக் கம்பெனியின் காலை ஷிஃப்ட் இப்படித்தான் விடியும். லைன் லீடர் செண்பகம் உறுதிமொழித் தாளைப் பார்த்ததே இல்லை. அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும் என்பதால் வேறு யாரும் மனப்பாடம் செய்ததும் இல்லை.

சூப்பர்வைசர் தணிகாசலத்துக்கோ ஒயரின் நிறம், மாடல் நம்பர், தன் மூக்குக்கண்ணாடி வைத்த இடம் எல்லாமே செண்பகம்தான். அவர் மறந்தால் அதற்குப் பெயர் வேலைப்பளு.

செண்பகத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அதைச் சுருக்க மாதம் ஓர் ஊசி. சினைப்பையின் சுரப்பை நிறுத்திவைக்கும் ஊசி. “திடீர்னு உடம்பு சூடாகும். சிலருக்கு மறதியும் வரும், மூளைக்கும் அந்தச் சுரப்பு தேவைப்படுதுல்ல? ஊசியை நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிடும்” என்றார் டாக்டரம்மா. “தெனம் ரெண்டு பாதாம் துன்னு, சரியாப்பூடும்” என்றார் கணவர் பீட்டர். பாதாம் வாங்கிவர மறந்துவிட்டார்.

போன திங்கள்கிழமை இரண்டாவது வரியோடு உறுதிமொழி நின்றுபோனது. “அய்யய்யோ, இன்னாமோ வருமே…” என்று முனகினாள்.

“அய்யய்யோ, இன்னாமோ வருமே!” என்று அறுபது பேரும் பக்தியோடு முழங்கினார்கள். தணிகாசலத்தின் குரல்தான் எடுப்பாகக் கேட்டது.

“உனுக்கு மறதி ஜாஸ்தியாப்பூட்ச்சி செண்பகம்” என்றார் தணிகாசலம், சாயங்காலம். “லைன் லீடர் வேலைய நம்ம பூமிகா பாக்கட்டும்.”

பூமிகா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்.

“அவளுக்கு உறுதிமொழி தெரியுமா சார்?”

“நீதான் சொல்லிக்குடேன்!”

“மறந்துபூட்டவளா சொல்லிக்குடுக்கணும்? இன்னா சார் நாயம் இது?”

“சரி, அது வரிக்கும் நானே சொல்லிக்கிறேன். இன்னா பெரிய வித்தை!”

மறதிக்காரி படித்துக்கொள்ளட்டும் என்று உறுதிமொழியை அச்சடித்து அவள் கையில் மட்டும் ஒரு தாள் கொடுத்தார்கள்.

மறுநாள் தணிகாசலம் முன்னே வந்து கையை நீட்டினார். “பாதுகாப்பே என் முதல் கடமை.” அறுபது பேரும் சொன்னார்கள். அதற்குமேல் அவருக்கு ஓடவில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“செண்பகம்…” என்றார் மெல்ல.

“செண்பகம்!” என்று முழங்கினார்கள்.

சரியாக அப்போது அவளுக்குக் கழுத்திலிருந்து சூடு குப்பென்று ஏறியது. கையிலிருந்த தாளால் விசிறிக்கொண்டாள். தணிகாசலத்தின் கண்கள் அதன் பின்னாலேயே இடமும் வலமுமாக ஓடின. செண்பகம் விசிறுவதை நிறுத்தவில்லை.