பாட்டு வந்தால் எழுந்து போகிறவன்

என் மனைவி வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று. நான் சொல்கிற ஜோக்குக்கெல்லாம் ஒரு 'ம்', அதோடு சரி. அதனால்தான் ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய நகைச்சுவைப் படம் போடுகிறார்கள் என்றதும் அவளை அழைத்துக்கொண்டு போனேன். பேசும் படம் வந்த புதிதில் எடுத்ததாம். அவள் சிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

போன இடத்தில் பக்கத்து வீட்டு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்; நேரில் மரியாதையாகக் கூப்பிடுவது 'முசே'. கசங்காத சட்டை, கமகமவென்று சென்ட். நானோ ஞாயிற்றுக்கிழமைகூடத் தட்டாஞ்சாவடிப் பட்டறையின் கிரீஸ் நகக்கண்ணில் இருக்கிறவன். "வாங்க முசே!" என்று இவள் முகமெல்லாம் பல்லாக வரவேற்றாள். அவர் அவளுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், மறைப்பானேன்.

படமா அது? செருப்பு தொலைந்தால் ஒரு பாட்டு, கிடைத்தால் ஒரு பாட்டு. திருட வந்தவன் பீரோவைத் திறக்காமல் ஆலாபனையைத் தொடங்குகிறான், வீட்டுக்காரர் எழுந்து வந்து தாளம் போடுகிறார். கொட்டகையில் பாட்டு வந்தால் வெளியே போய்விடுவது என் பழக்கம். போனேன், எதிர்க்கடையில் டீ குடித்தேன். எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு வந்து உட்காருவதற்குள் அடுத்த பாட்டு. அட ராமா! மறுபடியும் எழுந்து போனேன். ஒவ்வொரு முறை கதவைத் திறந்தபோதும் இவள் சிரிப்புதான் முதலில் கேட்டது. கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். அந்த ஆளும் குலுங்குகிறான். இருட்டில் அப்படி என்னதான் சொல்கிறான்?

வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் கேட்டேவிட்டேன். "முசே அப்படி என்னா சொன்னாரு?"

"அவரு எங்க சொன்னாரு? எல்லாம் நீங்கதான்!" முதுகுக்குப் பின்னால் மறுபடியும் சிரித்தாள். "பாட்டு முடிஞ்சிதுன்னு வருவீங்க, குந்துறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிடும். மூஞ்ச தூக்கி வெச்சிக்கிட்டு திரும்பப் போவீங்க. அந்த வரிசையே உங்களப் பாத்துதான் சிரிச்சிது. படத்த யாரு பாத்தா?"

அத்தனை சிரிப்பும் என்னால் வந்தது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தவன் அந்த சொல்தா. நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.