கேமராவுக்கு என்னைத் தெரியவில்லை

போன வாரம் பள்ளிக்கூடத்தில் அம்மாவின் வேலையைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்களாம். சின்னவன், "என் அம்மா கம்ப்யூட்டர் செய்கிற தப்பைக் கண்டுபிடிப்பார்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, மீதிக்கு என்னிடம் வந்தான். பெரியவள் விடுவாளா? "அப்பாகிட்ட போய் கேக்குற பாரு. அவரு அம்மா வேலைக்காக மொட்டையே போட்டுகினு வந்தவரு" என்றாள்.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். நாலு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை, பிள்ளைகளே. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருந்தாள். கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு, நாள் முழுக்கப் படத்தின் மேல் கட்டம் போடுகிற வேலை. ரோட்டைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அதில் இருக்கிற ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் ஒரு கட்டம் போட்டு, இது கார், இது பஸ், இது சைக்கிள் என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு மாடியில் நின்று காக்காவையும் குருவியையும் காட்டினோமே, அதே மாதிரிதான். எக்கச்சக்கமான படங்களைப் பார்த்துப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்ளும்.

"என் வண்டியை எதுல சேப்பே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஷேர் ஆட்டோன்னு தனியா இல்லைங்க. 'மற்றவை'ன்னு ஒண்ணு கீது. அதுல போட்டுடுவோம்."

"இன்னாமே இது! பூந்தமல்லி ரோடு பூரா நாங்கதான் ஓடிகினு கீறோம். நாங்க மற்றவையா?"

அவளும் சிரித்தாள். ஆனால் மறுநாளே மேலதிகாரியிடம் போய், இந்த வண்டியைத் தனியாகச் சொல்லித் தராவிட்டால் இயந்திரத்துக்கு எங்கள் ஊர் ரோடே புரியாது என்று கேட்டிருக்கிறாள். கொஞ்ச நாளில் ஷேர் ஆட்டோவுக்கும் தனிப் பெயர் கிடைத்தது.

அப்புறம் மற்றவர்கள் போட்ட கட்டங்களைச் சரிபார்க்கிற வேலை வந்தது. பெரியவள் வயிற்றில் இருந்தபோது மொபைலிலேயே ஒரு படிப்பு படித்து முடித்தாள். அதன் பிறகு வேறு கம்பெனி. அங்கே, இயந்திரம் யாருக்கு நல்லது செய்கிறது, யாரை விட்டுவிடுகிறது, தப்பு செய்தால் யார் பொறுப்பு என்று கேட்டுக் கேட்டுப் பார்ப்பதுதான் வேலை. பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு என்று அதற்குப் பெயர். எனக்குப் புரிந்தது வேறு விதமாக. என் வண்டிக்கு எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதி என்கிற சான்றிதழ், எடுக்கப் போகும்போது, வண்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். பிரேக் பிடிக்கிறதா, ராத்திரி ஹெட்லைட் எரிகிறதா, திருப்பினால் கவிழாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அம்மா இயந்திரத்துக்கு எஃப்.சி. கொடுக்கிறவள்.

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, ஆலோசகராகத் தனியாகவே இந்த வேலையைச் செய்யப் போகிறேன் என்று ஒருநாள் அவள் சொன்னாள். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக நம் திருவேற்காடு கோயிலுக்குப் போனேன். "தாயே, அவளோட மொத வேலை நல்லபடியா முடியட்டும். உனக்கு மொட்டை போடுறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் வேலை எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வந்தது. கேட்டில் இருக்கிற பழைய கார்டு மெஷினை எடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்து வருகை போடுகிற கேமரா வைக்கப் போகிறார்கள். ஆள் வந்து நின்றால் கேமரா பார்க்கும். தெரிந்த முகம் என்றால் பச்சை லைட் எரிந்து, திரையில் பெயர் வரும். தெரியாவிட்டால் சிவப்பு. கேமரா செய்தது ஒரு கம்பெனி. அதை நம்பலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அம்மா. அவள் கையெழுத்துப் போட்டால் கார்டு மெஷின் போய்விடும், கேமரா சொல்வதுதான் வருகை.

ஆடி பிறந்து முதல் வாரம் முழுக்கச் சோதனை நடந்தது. எல்லாருக்கும் பச்சைதான். கேமரா கம்பெனிப் பையன் கெட்டிக்காரன், மரியாதையானவன். சனிக்கிழமை, "மேடம், சூப்பரா ஒர்க் ஆகுது. ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது" என்றான். திங்கட்கிழமை தருவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை. உங்களை அம்பத்தூரில் பெரியம்மா வீட்டில் விடப் போனோம். ஆடி ஞாயிறு திருவேற்காடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூட்டம் கூட்டமாக வந்து ஏறினார்கள். அம்மா சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். பின்னால் ஒரு குடும்பம். அப்பா, மாமா, பிள்ளைகள் என்று அத்தனை பேரும் புது மொட்டை, தலை நிறையச் சந்தனம். மீசையும் இல்லை. அம்மா கண்ணாடி வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாமே, நான் பக்கத்துல கீறப்பவே பின்னாடி பாத்துகினு வரே?" என்றேன்.

"சும்மா இருங்க" என்றவள், மெதுவாக, "இவங்கல்லாம் நாளைக்கு வேலைக்குப் போவாங்க இல்ல?" என்றாள்.

திங்கள் காலை ஷிப்டு ஆரம்பிக்கும் முன்பே அவளைத் தொழிற்சாலை கேட்டில் இறக்கிவிட்டேன். எதிர் டீக்கடையில் டீ சொல்லிவிட்டு நின்றேன். நினைத்தது போலவே மொட்டைகள் வந்தன. சிலருக்குப் பச்சை எரிந்தது, சிலருக்குச் சிவப்பு. முகத்தில் கெட்டியாக மஞ்சள் பூசி வந்த ஒரு பெண்ணுக்கும் சிவப்பு. அதுகூடப் பரவாயில்லை. பின்னாலேயே அங்கே வேலை செய்கிற ஒரு மச்சானும் அவனுடைய மாமனும் ஒன்றாக வந்தார்கள், இரண்டு பேரும் மொட்டை. முதலில் மச்சான் நின்றான். பச்சை. அடுத்து மாமன் நின்றார். அவருக்கும் பச்சை. ஆனால் திரையில் மறுபடியும் மச்சான் பெயரே வந்தது.

"இன்னா மாமே, என் பேர்ல வேலைக்கு வந்துகினு கீற?" என்று மச்சான் சிரித்தான்.

"அடப்பாவி! அப்போ நான் எங்கடா போனேன்?" என்றார் மாமன்.

வாட்ச்மேன், "நீ இன்னைக்கு லீவு நைனா. ஊட்டுக்குப் போ" என்றார். கேட்டில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமனுடைய பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கேமரா கம்பெனிப் பையனும் அவளும் டீக்கடைக்கே வந்தார்கள்.

"மேடம், இது சீசன் பிராப்ளம். முடி வளர்ந்துட்டா சரியாயிடும்" என்றான் அவன்.

"வளர்ற வரைக்கும் அந்த மனுஷன் வேலைக்கு வந்தாருன்னு யாரு சொல்லுவா தம்பி?"

"ஒரு கம்ப்ளெய்ன்ட் கொடுத்தா பாத்துக்கலாம் மேடம்."

"யாருகிட்ட கொடுப்பாரு? கார்டு மெஷினையும் எடுத்துடறீங்க. கேமராகிட்டயே போயி, நான்தான் நான்னு சொல்லணுமா?"

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க போடலைன்னா வேற யார்கிட்டயாவது வாங்கிடுவாங்க. உங்களுக்கும் இது முதல் வேலை" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த உலகத்தைச் சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் கேட்டேன். "கேமரா ஓடுதுன்னு சொல்லி கையெழுத்து போட்டுட்டு, மொட்டை விஷயத்தைக் கீழே எழுதிடக் கூடாதா?"

"பிரேக் பிடிக்கலைன்னு கீழே எழுதிட்டு எஃப்.சி. கொடுத்தா, நீங்க உங்க வண்டியில ஜனத்தை ஏத்துவீங்களா?"

அன்று சாயங்காலம் அறிக்கை எழுதினாள். கேமரா இன்னும் தயாராகவில்லை. கார்டு மெஷினை எடுக்கக் கூடாது. கேமரா தப்பு செய்தால் அங்கேயே திருத்த ஒரு ஆள் இருக்க வேண்டும். தொழிலாளி எப்போது கேட்டாலும் புது முகத்தைப் பதிந்து தர வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினாள்.

ஆடி போய் ஆவணியும் போனது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு போன் இல்லை. வேறு வேலையும் வரவில்லை. அம்மா உங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தாள், பரண் மேல் இருந்ததையெல்லாம் இறக்கித் துடைத்தாள், போன் அடித்தால் கொஞ்சம் வேகமாக எடுத்தாள். அவ்வளவுதான். பழைய கம்பெனிக்கே திரும்பிப் போகலாமா என்று ஒரு முறை கேட்டாள். "உன் இஷ்டம்மே" என்றேன். எனக்கு உள்ளுக்குள் வேறு குழப்பம். வேலை நல்லபடியாக முடிந்ததா இல்லையா? அம்மனுக்கு மொட்டை போட வேண்டுமா, வேண்டாமா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

புரட்டாசியில் தொழிற்சாலையின் பெண் மேனேஜரே அம்மாவுக்குப் போன் செய்தார். அறிக்கையைப் படித்துவிட்டு, அவர்களும் தனியாகக் கேட்டில் நின்று பார்த்தார்களாம். கார்டு மெஷின் அங்கேயே இருக்கட்டும், ஆளும் போடுகிறோம், கேமரா கம்பெனியும் மாற்றிச் செய்திருக்கிறது, மறுபடி சோதித்துப் பாருங்கள் என்றார். திருப்பதி போய் வந்த மொட்டைகள் தொழிற்சாலையிலேயே நிறையப் பேர் இருந்தார்கள்.

"உள்ளே வேலை செய்றவங்க போதாது. சம்பந்தமே இல்லாத மொட்டையும் சில பேர் வேணும். வெளி ஆளைத் தன் ஆளுன்னு அது நினைச்சுடக் கூடாது" என்றாள் அம்மா.

"நான் போடுறேன்" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு இன்னாத்துக்கு இப்போ மொட்டை?"

அப்போதுதான் வேண்டுதலைச் சொன்னேன். என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ சாமிக்கா, கேமராவுக்கா?" என்றாள்.

"ரெண்டு பேரும் பாத்துக்கட்டுமே."

அதற்கும் ஒரு காகிதத்தை நீட்டினாள். என் முகத்தைச் சோதனைக்கு எடுக்கச் சம்மதம், முடிந்ததும் படத்தை அழித்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. "கட்டின பொண்டாட்டிகிட்டயே எழுதிக் கொடுக்கணுமா?" என்றேன். "எல்லாரும் கொடுக்கறாங்க, நீங்களும் கொடுங்க" என்றாள். கொடுத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் கோயிலில் முடி இறக்கி, மீசையும் எடுத்து, சந்தனம் காயும் முன்பே கேட்டுக்கு வந்துவிட்டேன். தொழிற்சாலை மொட்டைகள் வரிசையாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் பச்சை, ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர். ஒருத்தருக்கு மட்டும் சிவப்பு எரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஆள் உடனே கார்டைப் போட்டு உள்ளே விட்டார். ஆடியில் காணாமல் போன மாமனும் புது மொட்டையோடு வந்தார். தன் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு, "வந்துட்டேன்டா மச்சான்!" என்று சத்தம் போட்டார்.

கடைசியில் வெளி ஆட்கள். அவர்களில் நானும் போய் நின்றேன். கேமரா கொஞ்ச நேரம் பார்த்தது. சிவப்பு. தள்ளி நின்றேன், கிட்டே வந்தேன், தலையைச் சாய்த்தேன். சிவப்புதான்.

"அண்ணாத்தே, உன்னைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லுது" என்றார் வாட்ச்மேன்.

உங்கள் அம்மா கை தட்டினாள். என்னைத் தெரியாது என்று ஒருவர் சொன்னதற்கு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஷிப்டு முடிகிற வரை இருந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, என் ஆட்டோ சீட்டின் மேல் காகிதத்தை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்த சின்னவன் என் தலையைப் பார்த்துவிட்டு, "அக்கா, யாரோ வந்துகீறாங்க!" என்று உள்ளே ஓடினான்.

பின்னால் நின்ற அம்மா சொன்னாள்: "பாத்தீங்களா, இங்கயும் சிவப்புதான்."