கொக்கி அக்கா வரி கேட்க வரவில்லை

பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கொட்டாவி விட்டால் போதும், கொக்கி அக்கா திரும்பிவிடுவார்.

"சும்மாதானே நிக்கிறீங்க? உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

மாட்டியவர் மிரண்டுபோய், "ஒண்ணும் தெரியாதுங்க" என்று நழுவப் பார்ப்பார்.

"ஒண்ணும் தெரியாமலா இத்தனை வயசு வந்துச்சு? தையல்? கணக்கு? உக்காந்து நாலு வார்த்தை பேசவாச்சும் வருமா?"

பேருந்து வருவதற்குள் அந்த மனிதர் சனிக்கிழமை காலை எங்கேயோ வருவதாக வாக்குக் கொடுத்திருப்பார். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற யோசனையிலேயே வேறு பேருந்தில் ஏறிவிடுவார்.

கொக்கி என்பது நகராட்சி அலுவலகத்தில் வைத்த பெயர். மாட்டினால் விடாது. ஐம்பதைத் தொட்ட வயது. நடக்கும்போது முழங்கை இரண்டும் முன்னால் போகும், அக்கா பின்னால் வருவார். சந்தோஷம் வந்தால் குரல் கூரையை முட்டும்; கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும் என்கிறார் அவருடைய கணவர். அலுவலகத்தில் அதைக் கேட்டவர் இல்லை.

முன்பு சொத்துவரிப் பிரிவில் இருந்தார். தெருத்தெருவாகப் போய்ப் பாக்கி கேட்கும் வேலை. தன்னார்வலர் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அத்தனை பேரும் திடீரென்று கோப்புகளுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ள, இவர் மட்டும் கையைத் தூக்கினார். மாடிப்படிக்கு அடியில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். "பரவால்ல, நான் உக்காந்தாத்தானே நிமிர்றதுக்கு" என்றார்.

ஆணையரிடம் அவர் கேட்டது கொஞ்சம்தான். "உதவி பண்ண ஊர்ல ஆளுக்குப் பஞ்சமே இல்ல சார். அவங்க கூடி உக்கார ஒரு எடம், ஒரு சாவி, கரண்டு, குடிக்க டீ. வேலை செய்யறப்போ யாருக்காச்சும் கையில சூடு பட்டா வைத்தியத்த நகராட்சி பாத்துக்கும்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான்."

பழைய தண்ணீர்ப் பம்புக் கூடம் பூட்டிக் கிடந்தது. அதன் மேல் ஆவணப் பிரிவுக்கு ஏற்கெனவே ஒரு கண். துருப்பிடித்த அலமாரிகளை அங்கே அடுக்க வேண்டுமாம். ஆணையர் பொதுவாகத் தீர்ப்புச் சொன்னார்: "சனிக்கிழமை நானே வந்து பாக்கறேன்மா. ஜனங்க இருந்தா கூடம் உங்களுக்கு. இல்லேன்னா அலமாரிக்கு."

அக்கா ரிப்பேர் நாள் என்று அறிவித்தார். வீட்டில் பழுதானதைக் கொண்டு வரலாம், கூட உட்கார்ந்து சரிசெய்துகொண்டு போகலாம், எல்லாம் இலவசம்.

சனிக்கிழமை காலை உதவி செய்கிறவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற தையல்காரர், எலக்ட்ரீஷியன், செல்போன் கடைக்காரப் பெண், பேருந்து நிறுத்தத்தில் மாட்டிய வங்கி மேலாளர். உதவி வேண்டியவர்தான் ஒருவரும் வரவில்லை. தையல்காரர் பொழுதுபோகாமல் மேலாளரின் சட்டையில் உறுதியாக இருந்த பித்தான்களையே இன்னொரு முறை தைத்தார். எலக்ட்ரீஷியன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை முறைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா தெருவில் இறங்கினார். அவர் தலை தெரிந்ததுமே, "ஐயையோ, வரிக்காரம்மா!" என்று ஒரு குரல். படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. ஒரு வீட்டுக்குள்ளிருந்து கனத்த ஆண்குரல் ஒன்று, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்க" என்றது.

அக்கா சுவரில் சாய்ந்துவிட்டார். இத்தனை வருடம் தட்டிய கதவுகள் எல்லாம் சேர்ந்து இன்று பழிவாங்குவதுபோல் இருந்தது. அலமாரிகள் வரிசையாகக் கூடத்துக்குள் நடந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. சாத்திய கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. வாளியும் கையுமாக அத்தனை பேரும் வாசலில்!

அக்கா ஒரே ஓட்டம். ஓட்டுநர் பதறினார். "அக்கா, வெளியாள் ஏறக் கூடாதுக்கா."

"நான் வெளியாளா? நீயும் நகராட்சி, நானும் நகராட்சி. தள்ளி உக்காருப்பா."

பாட்டு நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது. "வரி கேக்க வரல! நல்லாக் கேட்டுக்குங்க, வரி கேக்க வரல! ஒடைஞ்சது, கிழிஞ்சது, ஓடாதது எது இருந்தாலும் தூக்கிக்கிட்டு என் பின்னாடி வாங்க! வீட்டுக்காரரத் தவிர எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணித் தரோம்!"

தெருவே சிரித்தது. முதலில் ஒரு பெண் மிக்ஸியோடு இறங்கினார். பிறகு கால் போன நாற்காலி, கம்பி நீட்டிய குடை, ஓடாத கடிகாரம். ஆண்கள் யாருமில்லாத வீட்டிலிருந்து மீசைக்காரர் ஒருவர் இஸ்திரிப்பெட்டியோடு வந்தார். குப்பை வண்டி முன்னே போக, ஊர்வலம் பின்னே வந்தது.

ஆணையரின் கார் கூடத்துக்கு வந்தபோது வாசல் கொள்ளாத கூட்டம். ஆளாளுக்குக் கையில் எதையோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். "சார், போராட்டம் மாதிரி இருக்கு" என்று கார் ஓட்டுநர் மளமளவென்று பின்னால் எடுக்கத் தொடங்கினார்.

முழங்கைகள் முன்னால் வர அக்கா துரத்தினார். "சார்! ஓடாதீங்க சார்! எல்லாம் நம்ம ஆளுங்க!"

இறங்கியவரை அதே மூச்சில் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேலை தெரியும் சார்?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஆணையரின் காது சிவந்தது. "படிக்கிறப்போ... சைக்கிள் பஞ்சர் ஒட்டுவேன்."

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் முன்னால் மூன்று சைக்கிள்கள் நின்றன. கூடத்தை அளக்க நாடாவோடு வந்த ஆவணப் பிரிவுக் கண்காணிப்பாளர், பசை காயும்வரை நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டை போட மட்டுமே பேசிக்கொண்ட மேல்வீட்டுப் பெண்ணும் கீழ்வீட்டுப் பெண்ணும் ஒரு குடைக்கு ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கம்பி தப்பும் போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கையெல்லாம் கரியோடு ஆணையர் எழுந்தபோது, "அலமாரிய எல்லாம் என் ரூம் வராண்டாவுலயே போட்டுக்குங்க" என்றார். கண்காணிப்பாளர் தலையாட்டினார், நாற்காலியை மட்டும் விடவில்லை.

கூட்டம் கொஞ்சம் கலைந்த நேரத்தில், வாசலில் ஒரு பெரியவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு தயங்கி நின்றார். கையில் சின்ன ரேடியோ.

"என்னங்கய்யா ஆச்சு இதுக்கு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தான் பாடுது." அவர் உள்ளே பார்த்தார். "வீட்ல நான் ஒருத்தன்தான். எல்லாரும் எதையோ எடுத்துக்கிட்டு வந்தாங்க... நானும்..."

அக்கா ரேடியோவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பேட்டரி மூடியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு உள்ளே திரும்பிக் கூரை அதிரக் கத்தினார்:

"ஐயாவோட ரேடியோவுக்கு மூடி காணோமாம்! நல்ல நாற்காலியாப் போடுங்க, டீ குடுங்க. அவசரமே இல்ல, மெதுவாத் தேடலாம்!"