நார்சிசாவின் நாற்பது டிஸ்க்குகள்

எல் ஆல்ட்டோ நகரத்துச் சந்தைத் தெருவில் நார்சிசா திக்கோனாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. கல்யாணமோ நடனக் குழு ஊர்வலமோ, பதினெட்டு வருடமாக வீடியோவை டிஸ்க்கில் பிரதி எடுத்துக் கொடுக்கிறாள். கூலி குறைவு, வசவு இலவசம்.

அவளுடைய வசவில் பெரும் பங்கு எதிர்க்கடை எலீசேயோவுக்குத்தான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், சுவிசேஷ சபைக்காரன், சொட்டு மது தொடமாட்டான். கார்னவால் திருவிழாச் செவ்வாயன்று ஊரே கடைக்கும் சாமானுக்கும் பீர் தெளித்து, வண்ணக் காகிதப் பொடி தூவிப் பூமித்தாயைக் குளிர வைக்கும்போது, இவன் மட்டும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவான். "அதான் ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்க" என்பாள் நார்சிசா. இந்த வருடம் அவன் பார்க்கட்டும் என்றே ஒரு முழு பாட்டிலைக் கம்ப்யூட்டரின் தலையில் கவிழ்த்தாள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் செய்தாள், அந்த அளவுக்கு விவரம் உண்டு.

மூன்றே வாரத்தில் வந்தது வினை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தில், ஆளுக்கொரு செலவை ஏற்கும் ஊர் வழக்கப்படி, கேக்குக்கு ஒரு ஞானத்தாய், பீருக்கு ஒரு ஞானத்தாய், வீடியோவுக்கு நார்சிசா என்று ஏற்பாடு. கல்யாணம் வெள்ளியன்றே முடிந்துவிட்டது; ஞாயிறு மதிய விருந்தில் மைக்கில் பெயர் சொல்லி, யார் என்ன கொடுத்தார்கள் என்று அறிவிப்பார்கள். நாற்பது டிஸ்க் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை காலை உட்கார்ந்தால், எட்டு நிமிடத்தில் எழுதி முடிக்கும் டிரைவ் ஒரே டிஸ்க்குக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது.

டிஸ்க் விற்றவனைத் திட்டிவிட்டு வேறு டிஸ்க் போட்டாள். கேபிளை மாற்றினாள். டிரைவ் மெதுவான முறைக்கு இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்து மறுபடி வேகமான முறைக்கு ஏற்றினாள். ஒரு டிஸ்க் ஒழுங்காகப் போனது, அடுத்ததில் பழையபடி இறங்கிவிட்டது. வேறு கடையில் கொடுத்து எழுதலாம்தான், ஆனால் அதைவிட விருந்துக்கே போகாமல் இருக்கலாம். மத்தியானம் மானத்தை மடித்து வைத்துவிட்டு எலீசேயோவைக் கூப்பிட்டாள்.

அவன் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினான். மஞ்சளும் சிவப்புமாகக் காகிதப் பொடி கொட்டியது. டிரைவுக்குள் பீர் காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. நார்சிசா கூரையைப் பார்த்தாள்.

"டிரைவ் மேல தப்பு இல்லக்கா" என்றான் அவன். "லென்ஸ்ல கறை. சரியாத் தெரியாம ஒண்ணையே நாலு தடவ பாக்குது. தப்பு கூடிப்போனதும் கம்ப்யூட்டரே இதை மெதுவா ஓட்ட ஆரம்பிச்சிடுது. நீ முறைய மாத்தி என்ன புண்ணியம்? ஆல்கஹால் வச்சுத் துடைக்கணும். என்கிட்ட தீர்ந்துபோச்சு."

நார்சிசா மேசைக்கு அடியிலிருந்து பூமித்தாய்க்கு வைத்திருந்த சுத்த ஆல்கஹாலை எடுத்தாள். கைப்பழக்கத்தில் முதல் சொட்டைத் தரையில் விட்டாள். எலீசேயோ பாட்டிலைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். பிறகு பஞ்சுக் குச்சியை நனைத்து லென்ஸை மெல்ல ஒற்றினான்.

"சபையில யார்கிட்டயும் சொல்லிடாதக்கா."

"நான் ஏன்டா சொல்றேன்?"

அடுத்த டிஸ்க் எட்டு நிமிடத்தில் வெளியே வந்தது. நார்சிசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இருட்டுவதற்குள் நாற்பதையும் முடித்தாள்.

ஞாயிறு விருந்தில், "வீடியோ ஞானத்தாய் நார்சிசா திக்கோனா, நாற்பது டிஸ்க்" என்று மைக் அலறியது. கைதட்டல் அடங்கவில்லை. இரண்டு கிளாஸ் பீர் உள்ளே போயிருந்த நார்சிசா, நன்றி பொங்கி வழிய மைக்கைப் பிடுங்கினாள்.

"இதுல பாதிப் பெருமை எலீசேயோவுக்குத்தான். பூமித்தாய்க்கு வச்ச பாட்டில்லேர்ந்து அவன் கையாலயே என் மெஷினுக்குத் தெளிச்சு விட்டான்!"

எலீசேயோ தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பக்கத்து நாற்காலியில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்த அவனுடைய போதகர் கடிப்பதை நிறுத்தினார்.