எரியாத புண்

2005 மே மாதம். எனக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை நோய்க்கு ஒன்பது. மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணி எழுதியவன் நான். வலது கால் சுண்டுவிரலுக்கு அடியில் கிளிஞ்சல் கிழித்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் உப்பளத்தில் காலில் எந்தப் புண் வந்தாலும் ஒரே வைத்தியம்தான். உப்பு விளையும் பாத்தியில் இறங்கி நிற்க வேண்டும். முதலில் உயிர் போகிற மாதிரி எரியும். எரிச்சல் நின்றால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தம். நானும் தினம் அரை மணி நேரம் நின்றேன். ஒருநாள்கூட எரியவில்லை. ஆறிவருகிறது என்று நம்பினேன். பதினோராம் நாள் நாற்றம் எடுத்த பிறகுதான் மகனிடம் காட்டினேன்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வெளிநாட்டில் படித்த டாக்டர் என் பாதத்தில் பத்து இடத்தில் ஊசியால் தொட்டார். இரண்டு இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சர்க்கரையால் கால் மரத்துப்போனதால்தான் எரியவில்லை என்றார். அழுகிக் கறுத்த இரண்டு விரல்களை உடனே எடுக்க வேண்டும் என்றார். சம்மதத் தாளுக்கு மகன் கை நீட்டினான். டாக்டர் அதை என்னிடம் நீட்டினார்.

"இது அவர் உடம்பு. கவனிக்காம விட்டதும் அவர்தான். முடிவையும் அவர்தான் சொல்லணும்."

நூலகப் புத்தகம் ஒன்றில் சீனர்களின் பழைய நெறியைப் படித்திருந்தேன். உடம்பு பெற்றவர்கள் தந்தது, அதைக் குறைவில்லாமல் காப்பது பிள்ளையின் கடமை, ஒருவர் நோயை வீடே சுமக்க வேண்டும் என்று இருந்தது. டாக்டர் சொன்னது மேற்கத்தியர் வழி. அவரவர் உடம்பு, அவரவர் பொறுப்பு. எனக்கு அப்போது சீனர்கள் சொன்னதே வசதியாக இருந்தது. அம்மா கொடுத்த காலை வெட்டச் சொல்லி என் கையால் எழுத மாட்டேன், வீட்டில் முடிவு பண்ணட்டும் என்றேன். மகனோ, அப்பா காலை வெட்டச் சொன்னவன் என்று ஊர் பேசும் எனப் பின்வாங்கினான். இரண்டு நாள் அந்தத் தாள் எங்களுக்கு நடுவில் கட்டிலிலேயே கிடந்தது. கறுப்பு இரண்டு விரலிலிருந்து ஐந்துக்கும் பரவி, பாதத்தில் ஏறியது. நான் விரற்கடை வைத்து அளந்துகொண்டே இருந்தேன். காலையில் மூன்று. மாலையில் நான்கு.

மூன்றாம் நாள், இனி விரல்கள் போதாது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் மறுபடி மகனைப் பார்த்தேன்.

"பாத்தியில எறங்கும்போது யாரைப்பா கேட்டீங்க?" என்றான் மெதுவாக. "அப்ப உங்க காலு. வெட்டும்போது மட்டும் எங்க காலா?"

பேனாவை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும்படி மகனிடம் சொன்னேன். நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும், யாரும் பிடிக்கக் கூடாது என்றார் நர்ஸ். மகன் கையை எடுத்துக்கொண்டான். என் பெயர் கோட்டைத் தாண்டிக் கீழே சரிந்தது.

தள்ளுவண்டியில் ஏற்றியபோது, வெட்டிய காலை எங்கள் ஊர் சுடுகாட்டில் புதைக்கத் தருவீர்களா என்று மகன் நர்ஸிடம் கேட்டான். அதற்குத் தனித் தாள் இருந்தது. என்னைக் கேட்காமலே அதில் கையெழுத்துப் போட்டான்.