அப்ரெஹெத் உழுத நிலம்

மாட்டு நோயில் ஊரின் எருதுகளெல்லாம் செத்து விழுந்த பஞ்சத்துக்குப் பிறகுதான் இத்தாலியர்கள் எத்தியோப்பியாவின் வடகோடி மலைமேல் ஏறி வந்தார்கள். அப்ரெஹெத்தின் நிலம் சர்க்கார் நிலம் என்றார்கள். யாரோ ஓர் இத்தாலியக் குடியானவன் கப்பலில் வந்து அதில் பயிர் வைப்பானாம்.

அவள் புருஷன் எம்பாயே அவர்களுடைய படையிலேயே சேரக் கிளம்பினான்.

"நிலத்தப் புடுங்கினவனுக்கே துப்பாக்கி தூக்கப் போறீங்களா? வெக்கமா இல்ல?"

"வயிறு கேக்குதே, என்ன செய்யச் சொல்ற? மாவு அவன்கிட்டதான் இருக்கு."

அந்த மாவில்தான் அவளும் இஞ்சேரா ரொட்டி சுட்டாள்.

பிறகு போர் மூண்டது. அத்வாவில் எத்தியோப்பியப் பேரரசரின் சேனை இத்தாலியர்களை நொறுக்கிவிட்டது என்று சேதி வந்ததும், அண்ணனின் கழுதையை ஓட்டிக்கொண்டு அவள் புருஷனைத் தேடித் தெற்கே நடந்தாள்.

ஓர் ஓடைக்கரையில் எம்பாயே கிடந்தான். வலது கை மணிக்கட்டோடு இல்லை. இடது பாதமும் இல்லை. இத்தாலியருக்காகச் சண்டையிட்டுப் பிடிபட்ட உள்ளூர்ச் சிப்பாய்களுக்கெல்லாம் பேரரசர் விதித்த தண்டனை அது. சற்றுத் தள்ளி, பிடிபட்ட இத்தாலியன் ஒருவனைக் கோவேறு கழுதையில் ஏற்றி, குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான் பேரரசரின் வீரன்.

அவள் நேரே அந்த வீரனிடம் போனாள்.

"அவனுக்குக் கை இருக்கே. எம் புருஷனுக்கு ஏன்யா இல்ல?"

"அவன் எதிரி. ஒம் புருஷன் துரோகி. வித்தியாசம் தெரியாதா?"

"துரோகியா? எங்க மலைய இத்தாலிக்காரனுக்கு எழுதிக் குடுத்தது யாரு? ஒங்க ராஜாதானே! அவரு கைய வெட்டுனியா?"

வீரன் வாளின் பிடியைத் தொட்டான். அவள் நகரவில்லை. அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோவேறு கழுதையை ஓட்டினான்.

எம்பாயேயைக் கழுதைமேல் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தாள். புண் ஆறியபின் ஓர் இத்தாலிய அதிகாரி துபாஷியோடு வந்து அவன் சட்டையில் பதக்கம் ஒன்றைக் குத்தினான்.

"நெலத்தத் திருப்பிக் குடுக்கச் சொல்லு," என்றாள் துபாஷியிடம்.

"அது சர்க்கார் நிலம்னு சொல்றாரு."

"அப்ப இந்தத் தகரத்தயும் சர்க்காரே வெச்சுக்கட்டும்!" பதக்கத்தைப் பிய்த்து அதிகாரியின் காலடியில் எறிந்தாள்.

மழை விழுந்ததும் அண்ணன் புதிதாக வாங்கியிருந்த எருதுகளைப் பூட்டி அந்த நிலத்தில் இறங்கினாள். பெண் ஏர் பிடிப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. பாதிரியார் ஓடிவந்தார்.

"பொம்பள ஏர் புடிச்சா மழை போயிடும், மகளே!"

"ஆம்பளைங்க புடிச்சப்ப மட்டும் பஞ்சம் வரலியா, சாமி? வழி விடுங்க."

சிப்பாய்கள் அவளை ஒருமுறை விரட்டினார்கள். மறுநாளே திரும்பி வந்தாள். அத்வாவில் பட்ட அடிக்குப் பிறகு கப்பலில் வரவேண்டிய குடியானவன் வரவேயில்லை. சர்க்காரும் மெல்லக் கண்டுகொள்ளாமல் விட்டது.

பல வருஷம் கழித்து, கடல் தாண்டி எங்கோ நடக்கும் சண்டைக்கு ஆள் பிடிக்க இத்தாலியர்கள் சந்தையில் மேசை போட்டார்கள். அப்ரெஹெத் எம்பாயேயைச் சுமந்து வந்து அந்த மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"இவரப் பாத்துட்டுப் பேரப் பதிங்கடா!" என்று கத்தினாள்.

பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் எம்பாயேயைச் சுற்றிக் கடந்து, தலை குனிந்தபடி வரிசையில் போய் நின்றார்கள்.