எந்தச் சரிங்க?

புதிதாகக் கோட் எழுத வரும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆபீஸில் முதல் நாளே லேப்டாப், பாஸ்வேர்டு, ஐடி கார்டு எல்லாம் கொடுத்துவிடுகிறோம். 'சரிங்க' என்ற சொல்லைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லால் எனக்கு வேலை போகப் பார்த்தது. ஆகவே நானே எழுதி வைக்கிறேன்.

1. டயர் கடை மாடி

நான் அரும்பாவூர்க்காரி. படிப்பு முடிந்ததும் பெரம்பலூரில், துறையூர் ரோட்டில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தி போனில் சிரித்தாள்.

"பெரம்பலூர்லயா சாஃப்ட்வேரு? ரயிலே வராத ஊருக்கு அது எப்புடிடி வந்துச்சு?"

"பஸ்ல வந்துச்சு" என்றேன்.

பொய்யில்லை. நாங்கள் செய்துகொண்டிருந்தது ஸ்கூல் பஸ் ஆப்தான். பஸ் ஒரு ஸ்டாப்பைத் தாண்டியதும், 'உங்கள் பிள்ளை இறங்கிவிட்டது' என்று அந்த ஸ்டாப்பில் இருக்கும் பெற்றோர் போனுக்கு மெசேஜ் போகும். மாடியில் நாங்கள் நாலு பேர். மேனேஜர் மதன் சார் சென்னையில் இருந்தார். தினமும் காலையில் கால் போடுவார். அவர் பேசுவார், நாங்கள் "சரிங்க சார்" என்போம்.

எங்கள் பக்கத்தில் சரிங்க என்றால், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். கண்டக்டர் "உள்ள போங்க" என்றால் சரிங்க என்போம், நின்ற இடத்திலேயே நிற்போம். பெண் கேட்டு வந்தவர்கள் ஒரு தேதி சொன்னால் சரிங்க என்போம், அவர்கள் போன பிறகுதான் அது தோதுப்படுமா என்று வீட்டில் பேச ஆரம்பிப்போம். ஒத்துக்கொள்வது தனி வேலை. ஊரில் இதனால் யாருக்கும் குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை.

2. இறங்கியாச்சு

தா.பழூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்குப் புது வெர்ஷன் போட வேண்டியிருந்தது. அங்கே ஒரு பஸ் சாயங்காலம் ரெண்டு ட்ரிப் அடிக்கும். முதல் ட்ரிப்பில் சின்னப் பிள்ளைகள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் பெரிய பிள்ளைகள் அடுத்த ட்ரிப்பில். யார் எந்த ட்ரிப் என்ற விவரம் பள்ளியிலிருந்து வந்து சேரவில்லை. அந்தப் பஸ்ஸை மட்டும் நான் டெஸ்ட் செய்யாமல் வைத்திருந்தேன்.

காலைக் காலில் மதன் சார் கேட்டார். "டெஸ்டிங் முடிஞ்சிடுச்சு இல்ல? இன்னைக்கே லைவ் போட்டுடலாம்."

"சரிங்க சார். ரெண்டு ட்ரிப் பஸ்ஸு ஒண்ணு மட்டும்..."

"சூப்பர்மா" என்றார். கால் கட்டாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். வேறு மீட்டிங்கில் இருந்தாராம். மத்தியானம் சென்னையிலிருந்தே வெர்ஷனை ஏற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் ஆபீஸ் நம்பருக்கு ஒரு அம்மா பேசினார். முதல் ட்ரிப் போனபோதே, பெரிய பிள்ளைகளின் வீட்டுக்கும் மெசேஜ் போய்விட்டிருந்தது.

"இறங்கிட்டான்னு போன்ல வந்துருக்குங்க. நான் ஸ்டாப்புலதான் நிக்கிறேன். பஸ்ஸு போயிருச்சு. எம்புள்ளயக் காணுங்க."

பையன் பள்ளியில்தான் இருந்தான். அடுத்த பஸ்ஸில் பத்திரமாக வந்தும் சேர்ந்தான். ஆனால் அதைச் சொல்லி அந்த அம்மாவை நம்ப வைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. 

3. நான் போடாத மெயில்

மறுநாள் மதன் சார் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீதானேம்மா ஓகே சொன்ன? டெஸ்ட் பண்ணிட்டேன்னு நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு கிளையண்ட்டுக்கு ஒரு மெயில் போட்டுடு. மேட்டர் முடிஞ்சிடும். உன் கன்ஃபர்மேஷன் வருதில்ல, அத நான் பாத்துக்கறேன்."

"நான் ஓகே சொல்லலைங்க சார். சரிங்கன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லைங்க சார்."

அந்தக் கம்பெனியில் நான் சொன்ன முதல் இல்லைங்க அதுதான். "அப்போ கன்ஃபர்மேஷன் கஷ்டம்மா" என்றார் அவர், வேலை நிரந்தரமாவதைத்தான். வேலை போனால் அடுத்த முகூர்த்தத்துக்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பயந்தேன். ஆனால் அந்த மெயிலைப் போட்டால், தெரிந்தே ஒரு அம்மாவை நடுரோட்டில் நிறுத்தியவள் நான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதற்கு மாப்பிள்ளையே தேவலாம் என்று தோன்றியது.

பள்ளியில் விவரத்தைக் கேட்டு வாங்கி, பிழையைச் சரிசெய்து, அரியலூரில் பஸ் மாறி, தா.பழூர் போனேன். என்னைப் போகும்படி யாரும் சொல்லவில்லை. தாளாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"ட்ரிப்பு விவரம் இங்கேருந்து வரலைங்கய்யா. நான் டெஸ்ட் பண்ணலைங்க. பண்ணாமயே ஏத்திட்டாங்க. இப்ப சரி பண்ணிருக்கேன்."

அவர் மதன் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மதன் சார் விடுகிற ஆளா?

"எல்லாம் ஃபிக்ஸ் பண்ணியாச்சு சார். இன்னைக்கே திரும்ப லைவ் போட்டுடறோம். ஓகே இல்ல?"

"சரிங்க" என்றார் தாளாளர்.

"தேங்க்யூ சார். உடனே போட்டுடறோம்."

நான் குறுக்கே புகுந்தேன். "ஐயா, ஒரு நிமிஷம். நீங்க இப்ப சொன்ன சரிங்க, ஒத்துக்கிட்டதுங்களா, கேட்டுக்கிட்டதுங்களா?"

இது என்ன கேள்வி என்பது போல் என்னைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டேம்மா. ஒத்துக்கிறதுக்கு என்ன அவசரம்? மொதல்ல எங்க டிரைவரு போனுக்கு மட்டும் மெசேஜு வரட்டும். நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"ஓ... ஓகே சார்" என்றது ஸ்பீக்கர். அந்த ஓகே எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அதற்காக மதன் சார் திருந்திவிடவில்லை. என் கன்ஃபர்மேஷனைத் தள்ளிப்போட்டார். நான் மெயில் போடவில்லை, வேலையையும் விடவில்லை. வேண்டுமானால் நீங்களே என்னை வேலையை விட்டு அனுப்புங்கள் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கன்ஃபர்ம் செய்தார்கள். அதன் பிறகுதான், எனக்குத் தோதுப்பட்ட நாளில், வேறு கம்பெனிக்கு மாறினேன்.

4. இப்போது

இன்றைக்குப் பெரம்பலூரிலேயே ஒரு டீமுக்கு நான் லீட். ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைகள், பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். சரிங்க என்று சொல்லாதே, நிமிர்ந்து ஓகே சொல்லு என்று டிரெயினிங் கொடுக்க வந்த ஒருவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாற வேண்டியது எங்கள் சொல் இல்லை. கேட்கிறவர் இன்னொரு கேள்வி கேட்டால் போதும். எங்கள் டீமில் யார் சரிங்க என்றாலும் எதிரில் இருப்பவர் "எந்தச் சரிங்க?" என்று கேட்டாக வேண்டும். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

இதில் எனக்கும் சலுகை கிடையாது. சமீபத்தில் ஒரு கிளையண்ட் காலையிலிருந்து போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த சங்கீதாவிடம், "இன்னைக்கே ஏத்திருவோம்" என்றேன்.

"சரிங்கக்கா."

நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

"எந்தச் சரிங்கன்னு நீங்க கேக்கலக்கா."

"எந்தச் சரிங்க?"

"கேட்ட சரிங்கதான். பேமெண்ட் பக்கம் இன்னும் டெஸ்ட் ஆவல."

சுள்ளென்று கோபம் வந்தது. 'நீதானே சரின்ன' என்பது வாய் வரை வந்துவிட்டது. யாருடைய வாக்கியம் அது என்று அப்போதுதான் உறைத்தது. விழுங்கிவிட்டு, கிளையண்ட்டைக் கூப்பிட்டு, "இன்னைக்கு முடியாதுங்க" என்றேன்.

அவர் கத்தினார். இன்றைக்கே வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். சங்கீதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "சரிங்க" என்றேன்.

கேட்ட சரிங்க.